இந்தக் கப்பல் புசானில் ஏன் நிற்கிறது?

ஜப்பானின் பண்பாட்டுப் பாரம்பரியத்தைச் சிறு கப்பலில் சுற்றிக்காட்டும் பயணங்களின் கையேடுகளை நான்கைந்து வாசித்தால் போதும், ஆறாவதை நாமே எழுதிவிடலாம். ஒசாகாவிலோ கோபேயிலோ ஏறுகிறீர்கள். மூவாயிரம் பேரை அடைத்துக்கொண்டு போகும் மிதக்கும் அடுக்குமாடி இல்லை இது. நூறு பேர், நூற்றைம்பது பேர், மிஞ்சினால் இருநூற்றுச் சொச்சம். செத்தோ உள்நாட்டுக் கடலின் தீவுகளுக்கு நடுவே கப்பல் ஊர்ந்து போகும். மியாஜிமா, ஹிரோஷிமா, ஹாகி, நாகசாகி, மட்சுவே, கனசாவா, சாடோ தீவு என்று ஊர்கள் வரும். கரையில் தேநீர்ச் சடங்கு, சாமுராய் தெரு, மட்பாண்டப் பட்டறை. மாலையில் கப்பலில் ஒரு பேராசிரியரின் விரிவுரை. பெரிய கப்பல் நுழைய முடியாத துறைக்குள் நாங்கள் நுழைவோம், நெருங்கிப் பார்ப்போம் என்பதுதான் இதன் விற்பனை வாசகம். விலையைப் பார்த்தால் என்னைப் போன்ற ஆட்களுக்குப் பல மாதச் சம்பளம். அது வேறு கதை.

இந்தப் பட்டியலின் நடுவில் ஓர் ஊர் மட்டும் ஒட்டாமல் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். புசான். தென் கொரியா. ஜப்பானியப் பாரம்பரியம் தேடிக் கிளம்பிய கப்பலுக்குக் கொரியாவில் என்ன வேலை?

பண்பாட்டுக் காரணம் எதுவும் இல்லை. சட்டக் காரணம். 1899ஆம் ஆண்டின் ஜப்பானியக் கப்பல் சட்டத்தின்படி வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் ஜப்பானின் ஒரு துறையில் ஆள் ஏற்றி இன்னொரு ஜப்பானியத் துறையில் இறக்கக்கூடாது. நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறையைத் தொட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்தது. இந்தச் சிறு கப்பல்கள் பலவும் வெளிநாட்டுக் கொடியில் ஓடுபவை. பக்கத்தில் இருக்கும் வெளிநாடு கொரியா. அதனால் ஒரு நாள் புசான். கோயில், மீன் சந்தை, திரும்பக் கப்பல். கையேட்டில் அந்த நாளுக்கு நாலு வரிதான் இருக்கும், கணக்குக்கு ஒப்புவித்த மாதிரி.

என் வாதம் இதுதான்: சட்டத்துக்காகத் தொட்டுவிட்டுப் போகும் அந்தத் துறைதான் மொத்தப் பயணத்திலும் உண்மைக்கு மிக அருகில் இருக்கிற இடம். கையேட்டிலிருந்து வெட்டப்பட்ட அத்தனை கதைக்கும் நூல் அங்கிருந்து போகிறது. அந்தக் கையேட்டின் மொழியை அப்படியே இறக்குமதி செய்து நம்மவர்கள் எழுதும் ஜப்பான் பயணக் கட்டுரைகள், அதே கதைகளை இரண்டாம் முறை வெட்டுகின்றன. உலகத்தில் யார் வேண்டுமானாலும் அப்படி எழுதட்டும். மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளான நாம் எழுதலாமா என்பதுதான் கேள்வி.

முதலில் மட்பாண்டத்தை எடுத்துக்கொள்வோம். ஹாகி ஊரில் இறங்குபவர்களுக்குக் கட்டாயம் காட்டப்படுவது ஹாகி மண்கலம். தேநீர்க் கிண்ணம். மெலிந்த இளஞ்சிவப்பு, மேலே விரிசல் விட்ட மெருகு, காலம் போகப்போகத் தேநீர் உள்ளே இறங்கி நிறம் மாறும். அழகுதான், மறுக்கவில்லை. இந்தக் கலை எப்படி வந்தது என்று கேட்டால் சுற்றுலா மொழியில் ஒரு வரி பதில் கிடைக்கும்: "கொரியாவிலிருந்து குயவர்கள் வந்தார்கள்." வந்தார்களா? 1592 முதல் 1598 வரை தொயோதோமி ஹிதெயோஷி கொரியாவின்மீது இரண்டு முறை படையெடுத்தார். போன பிரபுக்கள் திரும்பும்போது குயவர்களைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஜப்பானிலேயே அந்தப் போருக்கு மட்பாண்டப் போர் என்று ஒரு பெயர் உண்டு. ஹாகி, கரட்சு, சட்சுமா, அரிதா ஆகிய புகழ்பெற்ற கலங்களின் பிறப்பிலோ வளர்ச்சியிலோ அந்தக் குயவர்களின் கை இருக்கிறது. அரிதாவில் ஜப்பானின் முதல் பீங்கானைச் செய்தவர் என்று கொண்டாடப்படும் யி சாம்-பியோங் அப்படி வந்தவர்தான். அரிதா ஊர்க்காரர்கள் அவருக்குக் குன்றின்மேல் நினைவுச்சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். அந்த நேர்மையைப் பாராட்டவேண்டும். ஆனால் தேநீர்ச் சடங்கில் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தித் திருப்பிப் பார்க்கச் சொல்லிக்கொடுப்பவர்கள், அந்த வினைச்சொல்லைத் திருப்பிப் பார்க்கச் சொல்லிக்கொடுப்பதில்லை.

வந்தார்கள், கொண்டுவரப்பட்டார்கள். இலக்கணத்தில் சின்ன வித்தியாசம். நமக்குத் தெரியும் அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று. நம்மைப் பார்த்து "வந்தவங்கதானே நீங்க" என்று யாராவது சொல்லும்போது என்ன எரிச்சல் வருகிறது! உடனே சஞ்சிக்கூலி முறையைப் பேசுகிறோம், கங்காணியைப் பேசுகிறோம், எங்கள் பாட்டன் சும்மா ஊர் சுற்றிப்பார்க்க வரவில்லை என்கிறோம். நியாயம்தான். அந்த நியாயத்தைக் கொரியக் குயவனுக்குக் கொடுக்க நம் பயணக் கட்டுரையில் இடமில்லையா?

அடுத்தது ஆண்டுக் கணக்கு. இங்கேதான் பாரம்பரியம் என்ற தொழில் எப்படி நடக்கிறது என்பது பளிச்சென்று தெரியும்.

நாகசாகிக்கு வெளியே கடலில் ஹஷிமா என்ற குட்டித் தீவு. தூரத்தில் பார்த்தால் போர்க்கப்பல் மாதிரி இருப்பதால் குன்கான்ஜிமா, போர்க்கப்பல் தீவு, என்று பட்டப்பெயர். பரப்பு 6.3 ஹெக்டர். கடலடி நிலக்கரிச் சுரங்கத்துக்காக மிட்சுபிஷி நிறுவனம் இதை வாங்கி, சுற்றிலும் சுவர் கட்டி, மேலே கான்கிரீட் அடுக்குமாடிகளை எழுப்பியது. 1916இல் கட்டிய மாடி வீடு ஜப்பானின் மிகப் பழைய வலுவூட்டிய கான்கிரீட் குடியிருப்புகளில் ஒன்று. 1959இல் இங்கே 5,259 பேர் வாழ்ந்தார்கள். 1974இல் சுரங்கத்தை மூடினார்கள், ஆட்கள் போனார்கள், கட்டடங்கள் நின்றன. பொறியியல் படித்தவன் எவனுக்கும் இந்தத் தீவைப் பார்த்தால் வாய் பிளக்கும். எனக்கும்தான்.

2015இல் யுனெஸ்கோ இந்தத் தீவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, தனியாக அல்ல, 'மெய்ஜி தொழிற்புரட்சித் தளங்கள்' என்ற 23 இடங்கள் கொண்ட தொகுப்பின் பகுதியாக. அந்தத் தொகுப்புக்கு ஜப்பான் குறித்துக்கொடுத்த காலம் என்ன தெரியுமா? 1850களில் தொடங்கி 1910 வரை. 1910இல் என்ன நடந்தது? ஜப்பான் கொரியாவை இணைத்துக்கொண்டது. கொரியா கைக்கு வந்த ஆண்டோடு கத்தரிக்கோல் வைத்தாயிற்று. 1940களில் கொரியர்களும் சீனர்களும் இதே சுரங்கத்துக்குள் இறக்கப்பட்ட கதை 'குறித்த காலத்துக்கு வெளியே' போய்விட்டது. வேடிக்கையைப் பாருங்கள்: பயணிகள் படம் எடுத்துத் தள்ளும் அந்த இடிந்த கான்கிரீட் மாடிகளும் 1910க்குப் பிறகு கட்டியவைதான். படம் எடுக்க 1916 வேண்டும், பதில் சொல்ல 1910 போதும்.

கொரியா எதிர்த்தது. பேச்சுவார்த்தை நடந்தது. பட்டியலில் சேர்ந்த அன்று ஜப்பானியப் பிரதிநிதி, 1940களில் பல கொரியர்களும் மற்றவர்களும் தங்கள் விருப்பத்துக்கு மாறாகக் கொண்டுவரப்பட்டுக் கடுமையான சூழலில் வேலை செய்யவைக்கப்பட்டார்கள் என்பதைப் புரிந்துகொள்ளும்படி நடவடிக்கை எடுப்போம் என்று அவையில் சொன்னார். அதே சமயம் அன்றைய வெளியுறவு அமைச்சர் கிஷிதா, அந்த வாசகத்துக்குக் 'கட்டாய உழைப்பு' என்று பொருளில்லை என்று விளக்கம் கொடுத்தார். வாக்குக் கொடுத்தபடி தகவல் மையம் ஒன்றைத் திறந்தார்கள், 2020இல். எங்கே? தோக்கியோவில். தீவோ நாகசாகியில், ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி. உள்ளே போனால், பாகுபாடு எதுவும் இருந்ததில்லை என்று சொல்லும் முன்னாள் தீவுவாசிகளின் சாட்சியங்கள். 2021இல் உலகப் பாரம்பரியக் குழு, கொடுத்த வாக்கை முழுமையாக நிறைவேற்றவில்லை என்று கடுமையாக வருந்தியது. பாரம்பரியக் குழுக்கள் பொதுவாக இப்படிப் பேசுவதில்லை.

சாடோ தீவிலும் இதே கத்தரிக்கோல்தான். ஜப்பான் கடல் பக்கம் போகும் சிறு கப்பல்களுக்குப் பிடித்த துறை அது. மேள இசை, முகமூடி நாடகம், தங்கச் சுரங்கம். 2024இல் அந்தச் சுரங்கமும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஜப்பான் பரிந்துரைத்த காலம் எதோ யுகம் முடியும் வரை, கையால் தங்கம் எடுத்த காலம் வரை. போர்க்காலத்தில் சுமார் 1,500 கொரியர்கள் அங்கே வேலை செய்யவைக்கப்பட்டது அந்தக் காலக் கோட்டுக்கு வெளியே. முழு வரலாற்றையும் சொல்லவேண்டும் என்று ஆலோசனைக் குழு கேட்டபிறகுதான் உள்ளூர் அருங்காட்சியகத்தில் ஒரு காட்சிப் பகுதி வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் நடந்த நினைவு நிகழ்ச்சியைத் தென் கொரிய அரசு புறக்கணித்தது. கோட்டுக்கு உள்ளே மட்டும் எல்லாம் சுத்தமா என்றால், அதுவும் இல்லை. எதோ யுகத்திலேயே நகரத்தின் வீடற்றவர்களைப் பிடித்து அனுப்பி அந்தச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க வைத்திருக்கிறார்கள்.

சரி, இது கொரியா-ஜப்பான் பழைய பகை, நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்காகச் செத்தோ உள்நாட்டுக் கடலுக்குள் வருவோம். இங்கே ஜப்பான் தன் சொந்த மக்களையே வெட்டி எடுத்த கதை இருக்கிறது.

இந்தக் கடலில் மட்டும் சுற்றிவரும் மிகச் சொகுசான ஜப்பானியச் சிறு கப்பல் ஒன்று 2017 முதல் ஓடுகிறது. மொத்தம் 19 அறைகள். பெரிய கப்பல் பயணிகள் மேல்தளத்திலிருந்து கையாட்டிவிட்டுப் போகும் தீவுகளுக்கு இடையில் இத்தகைய கப்பல்கள் நிதானமாக மிதக்கும். அந்த நிதானத்தில் எதைப் பார்க்கலாம்?

ஒகுனோஷிமா தெரியும். நம்மவர்கள் முகநூலிலும் வரும், முயல்கள் ஓடிவந்து காலைச் சுற்றும் காணொளி. 1929 முதல் 1945 வரை அந்தத் தீவில் ஜப்பானியப் படை நச்சுவாயு செய்தது. வரைபடத்திலிருந்து தீவையே அழித்துவைத்தார்கள். அங்கே செய்த வாயு சீனாவில் பயன்பட்டது. அதைச் செய்த உள்ளூர்த் தொழிலாளர்கள் நுரையீரல் கெட்டு வாழ்நாள் முழுக்க இருமினார்கள். 1988இல் அங்கே நச்சுவாயு அருங்காட்சியகம் திறந்தார்கள். சிறிய கட்டடம். முயல் பார்க்க வருபவர்கள் தாண்டிப் போகும் தூரம்தான்.

நாகஷிமா தெரியுமா? 1930இல் அங்கே ஜப்பானின் முதல் தேசியத் தொழுநோய்க் காப்பகம் திறந்தது. நோயாளிகளை வீட்டிலிருந்து பிரித்து, பெயரை மாற்றி, தீவில் அடைத்தார்கள். மருந்து வந்த பிறகும் அடைத்துத்தான் வைத்திருந்தார்கள். அடைத்துவைத்த சட்டத்தை நீக்கியது 1996இல். 2001இல் குமாமோத்தோ நீதிமன்றம் அரசே குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னபோது அரசு மேல்முறையீடு செய்யவில்லை. எனக்கு இதில் உறுத்துவது ஒரு பாலம். நாகஷிமாவுக்கும் கரைக்கும் நடுவில் இருக்கும் நீர் சில பத்து மீட்டர்தான். அதைத் தாண்டப் பாலம் வந்தது 1988இல். அதே 1988இல்தான் ஹொன்ஷூவையும் ஷிகோகுவையும் கடல்மீது இணைக்கும் செத்தோ பெரும்பாலமும் திறந்தது. உலகமே வாய் பிளந்து பார்த்த பாலம். அத்தனை பெரிய கடலைத் தாண்டத் தெரிந்த நாட்டுக்கு அந்தச் சில பத்து மீட்டரைத் தாண்ட அரை நூற்றாண்டு ஆயிற்று. தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை, தாண்ட விருப்பம் இல்லை. கப்பல் பெரும்பாலத்துக்குக் கீழே போகும்போது எல்லாரும் மேல்தளத்துக்கு வந்து படம் எடுப்பார்கள். சின்னப் பாலத்தை யார் எடுக்கிறார்கள்?

தெஷிமாவும் அப்படித்தான். அங்கே 2010இல் திறந்த கலைக்கூடம், வெண்கான்கிரீட்டில் ஒரு நீர்த்துளி மாதிரி, இன்று உலகப் புகழ். கலை ஆர்வலர் கூட்டம் நாவோஷிமாவில் ஒரு நாள், தெஷிமாவில் ஒரு நாள் என்று போகிறது. அதே தெஷிமாவில் 1970களின் கடைசியிலிருந்து 1990 வரை தொழிற்சாலைக் கழிவைச் சட்டவிரோதமாகக் கொட்டினார்கள். தீவு மக்கள், பெரும்பாலும் வயதானவர்கள், போராடி 2000இல் மாநில அரசை மன்னிப்புக் கேட்கவைத்தார்கள். தோண்டி எடுத்த கழிவும் மண்ணும் 9 லட்சம் டன்னுக்கு மேல். அதை எங்கே கொண்டுபோய்ச் சுத்திகரித்தார்கள்? நாவோஷிமாவில். நாம் 'கலைத் தீவு' என்று சொல்லும் அதே நாவோஷிமாவில். அந்த வேலை 2017 வரை நடந்தது.

பெரிய கப்பல் நுழைய முடியாத இடத்தில் நுழைவோம் என்கிறீர்களே, இதெல்லாம் பெரிய கப்பல் நுழைய முடியாத இடம்தானே! நெருங்கிப் பார்ப்போம் என்கிறீர்களே, நெருங்கித்தானே இருக்கிறது!

கையேடு எழுதுகிறவரை நான் அதிகம் திட்டப்போவதில்லை. அவர் விற்கிறார். விற்பவர் தழும்பைக் காட்டமாட்டார். கோபம் நம்மவர்கள்மேல்.

தமிழில் ஜப்பான் பயணக் கட்டுரைக்கு ஓர் அச்சு இருக்கிறது. ரயில் ஒரு நிமிடம் தாமதமானால் மன்னிப்புக் கேட்கிறார்கள். தெருவில் குப்பைத்தொட்டி இல்லை, குப்பையும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளே வகுப்பறையைக் கூட்டுகிறார்கள். அணுகுண்டுச் சாம்பலிலிருந்து எழுந்து நின்றார்கள். மியாஜிமாவில் கடலுக்குள் நிற்கும் செந்நிற வாசலைப் பார்த்ததும் கண் கலங்கியது. கடைசிப் பத்தியில் பெருமூச்சு: நாம் எப்போது இப்படி ஆவோம்? நடுவில் தவறாமல் ஒரு பத்தி தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உள்ள உறவு. ஓனோ சுசுமு என்ற மொழியியலாளர் முன்வைத்த கருத்து, மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்காதது. அதனால் என்ன, நமக்கு இனிக்கிறதே! ஆயிரமாண்டுகளுக்கு முந்தைய உறவைத் தேடிக் கண்டுபிடிக்கும் கட்டுரைக்கு, எண்பது ஆண்டுகளுக்கு முந்தைய உறவு மட்டும் நினைவுக்கு வருவதே இல்லை.

அந்த உறவையும் சொல்லிவிடுகிறேன். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதை. சயாமிலிருந்து பர்மாவுக்கு. மலாயாவிலிருந்து அதற்குப் பல்லாயிரக்கணக்கில் ஆட்களைக் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். நல்ல சம்பளம் என்று சொல்லி, இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டி, சில இடங்களில் நேராகப் பிடித்தே கொண்டுபோனது தோட்டத்து நினைவுகளில் திரும்பத் திரும்ப வரும். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் சுமார் 90,000 பேர் இறந்திருக்கலாம் என்று கணிக்கிறார்கள். காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் வெள்ளைக்காரக் கைதிகளுக்குச் சுமார் 7,000 கல்லறைகள், வரிசையாக, புல் வெட்டி, பெயர் பொறித்து. நம்மாட்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த ஒரு வரிசை கிடையாது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' போன்ற நாவல்கள்தான் நாம் எழுப்பிய கல்.

இந்தக் கதைக்கு ஜப்பானில் ஒரு காட்சிப்பொருள் இருக்கிறது. தோக்கியோவின் யசுகுனி ஆலய வளாகத்தில் யூஷூகான் என்ற போர் அருங்காட்சியகம். உள்ளே நுழைந்ததும் முன்கூடத்தில் ஒரு நீராவி எஞ்சின், சி56 ரகம், எண் 31. சயாம்-பர்மா பாதையின் திறப்பு விழாவில் ஓடிய எஞ்சின். பாதையைப் போட்ட ரயில்வே படைப்பிரிவின் முன்னாள் வீரர்கள் பணம் சேர்த்து 1979இல் அதை ஜப்பானுக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பக்கத்தில் ஸீரோ போர் விமானம். எஞ்சின் துடைத்துப் பளபளவென்று நிற்கிறது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, தொழில்நுட்பப் பாரம்பரியம் என்று யாராவது அதையும் ஒரு பட்டியலில் ஏற்றினால், காலம் எதுவரை என்று போடுவார்கள்? எஞ்சின் செய்த 1936 வரை என்று போடுவார்களா?

இப்போது புரிகிறதா, புசானை நான் ஏன் பிடித்துக்கொண்டு விடவில்லை என்று? 1905 முதல் ஷிமோனோசெகிக்கும் புசானுக்கும் நடுவில் படகு ஓடியது. லட்சக்கணக்கான கொரியர்கள் அந்தக் கடல்வழியாகத்தான் ஜப்பானின் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் போனார்கள். பிழைக்கப் போனவர்களும் உண்டு, பிடித்து அனுப்பப்பட்டவர்களும் உண்டு. நம் கதை மாதிரியேதான். பாரம்பரியப் பயணக் கப்பல் இன்று அதே நீரின்மேல் போகிறது. புசானில் 2015இல் திறந்த அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது, ஜப்பானிய ஆட்சிக்காலக் கட்டாயத் திரட்டலுக்கென்றே. சட்டத்துக்காக நிற்கும் அந்த ஒரு நாளில் அங்கே போகலாம். கையேட்டில் மீன் சந்தைதான் இருக்கிறது.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். "கலாசாரம் பார்க்கப் போனவன்கிட்ட போரைப் பத்திப் பேசினா எப்படி?" கலாசாரம் என்றால் என்ன? மியாஜிமாவின் அந்த வாசலையே எடுங்கள். இப்போது நிற்பது 1875இல் கட்டியது. அடி மண்ணில் புதைக்கவில்லை, மேலே பெட்டிக்குள் கல்லை நிரப்பித் தன் எடையாலேயே அலையில் நிற்கவைத்திருக்கிறார்கள். நான் ரசிக்கும் பொறியியல் அது. அந்த வேலைப்பாடு கலாசாரம் என்றால், ஹஷிமாவின் கடலடிச் சுரங்கமும் கலாசாரம்தான். சுரங்கம் கலாசாரம் என்றால் அதற்குள் இறங்கியவனும் கலாசாரத்தின் பகுதிதான். பொருள் மட்டும் வேண்டும், ஆள் வேண்டாம் என்பதற்குப் பெயர் கலாசாரம் இல்லை, கடை.

"இது ஜப்பானியர்மேல் வெறுப்பு." இல்லை. நான் மேலே சொன்னவற்றில் முக்கால்வாசியைத் தோண்டி எடுத்தவர்கள் ஜப்பானியர்கள். நாகசாகி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் ஒகா மசாஹாரு நினைவு அமைதி அருங்காட்சியகம் என்ற பெயரில் தொடங்கிய அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. பாதிரியாராகவும் நகரமன்ற உறுப்பினராகவும் இருந்து கொரிய அணுகுண்டு பாதிப்பாளர்களின் கதையைத் தேடித்தேடிப் பதிவு செய்தவர் ஒகா. அவர் 1994இல் இறந்தபின் ஜப்பானியக் குடிமக்கள் சேர்ந்து 1995இல் திறந்தது அது. ஹிரோஷிமாவில் கொரியர்களுக்கான நினைவுக்கல் 1970இல் அமைதிப் பூங்காவுக்கு வெளியேதான் வைக்கப்பட்டது. பலர் பேசிப் பேசி 1999இல் பூங்காவுக்குள் வந்தது. சயாம் பாதையில் மொழிபெயர்ப்பாளராக இருந்த நாகசே தகாஷி, போருக்குப் பின் வாழ்நாளையே காஞ்சனபுரிக்கும் கைதிகளுக்கும் பரிகாரமாகக் கொடுத்தார். ஜப்பானை உண்மையாக நேசிக்கவேண்டுமானால் இவர்களின் ஜப்பானையும் நேசிக்கலாமே. குப்பையில்லாத தெருவை மட்டும் நேசிப்பது விருந்தாளியின் மரியாதை. அதற்குமேல் ஒன்றுமில்லை.

"நேதாஜி ஜப்பான்காரனோடதான நின்னாரு?" நின்றார். நம் வீடுகளில் அந்தப் படம் தொங்கியது. தோட்டத்துப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தார்கள். அதே ஆண்டுகளில் அதே மாதிரித் தோட்டங்களிலிருந்து ஆட்கள் சயாமுக்கும் போனார்கள். இரண்டும் நம் கதை. ஒன்றைச் சொல்ல இன்னொன்றை அழிக்கவேண்டியதில்லை. அழித்தால், 1910இல் கத்தரிக்கோல் வைத்தவர்களிடம் நாம் என்ன குற்றம் காண்பது?

இரண்டு பக்கமும் சேர்த்து நினைவுகொள்ள முடியாது என்பதும் பொய். செத்தோ கடலின் தோமோனோவுரா துறையில் ஒரு கோயில் மண்டபம் இருக்கிறது. 1607 முதல் 1811 வரை கொரியாவிலிருந்து 12 தூதுக்குழுக்கள் ஜப்பானுக்கு வந்தன. கடல்வழியில் இங்கே தங்கி, மண்டபத்திலிருந்து தீவுகளைப் பார்த்துப் புகழ்ந்து எழுதிவைத்தார்கள். அந்தத் தூதுப் பயணங்களின் ஆவணங்களை இரு நாட்டுத் தன்னார்வ அமைப்புகளும் சேர்ந்தே யுனெஸ்கோவுக்குக் கொடுத்தன. 2017இல் உலக நினைவுப் பட்டியலில் ஏறியது. ஹிதெயோஷியின் படை போய் அழித்த நாட்டிலிருந்து, பத்தே ஆண்டுகளுக்குள் முதல் தூதுக்குழு வந்தது. பிடித்துப்போன தன் ஆட்களைத் திருப்பிக் கேட்பதும் அந்த முதல் குழுவின் வேலை. மண்டபத்தின் அழகு இதைச் சொன்னதால் குறைந்துவிட்டதா? எனக்குக் கூடித்தான் தெரிகிறது.

ஜப்பானுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போங்கள். காசு இருந்தால் சிறு கப்பலிலேயே போங்கள். மாலை விரிவுரை முடிந்ததும் பேராசிரியரிடம் கையைத் தூக்கிக் கேளுங்கள்: இந்தக் கிண்ணத்தைச் செய்தவன் வந்தானா, கொண்டுவரப்பட்டானா? இந்தத் தளத்தின் காலம் ஏன் இந்த ஆண்டோடு நிற்கிறது? அவருக்குப் பதில் தெரிந்திருக்கும். யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். முயல் பார்த்துவிட்டு நச்சுவாயு அருங்காட்சியகத்துக்குள்ளும் அரைமணி நேரம் போங்கள். நாகசாகியில் ஒகாவின் கட்டடத்தைத் தேடிப் போங்கள். புசானில் மீன் சந்தையைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்து எழுதும்போது ரயில் நேரத்துக்கு வந்ததையும் எழுதுங்கள், அது உண்மைதான். கூடவே தோக்கியோவில் இன்னொரு ரயில் நிற்கிறது, எண் 31. அதன் பாதையில் கட்டை சுமந்தவர்களில் நம் தோட்டத்து ஆட்களும் இருந்தார்கள் என்பதை ஜப்பான் பற்றிய ஒரு தமிழ்ப் பயணக் கட்டுரையில் நான் வாசிக்க விரும்புகிறேன்.